நாய் ஜாக்கிரதை

"ராணிக்கு ஊசி போட்ட புக்கக் குடுங்க சார்."

சோனியா கேட்டுவிட்டாள். எட்வர்ட் மகளின் கையை அழுத்தினார். அந்த வீட்டில் வாயைத் திறந்து எதையும் கேட்காதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சிப்காட் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் சபரிநாதன். எட்வர்டின் வேலை அவர் வாய்ச்சொல்லில் இருந்தது.

ராணி சபரிநாதனின் லேப்ரடார். வீடெல்லாம் முடி உதிர்கிறது என்று அவர் மனைவி ரத்னா முகம் சுளித்த நாளில் எட்வர்டின் தகர வீட்டுக்கு வந்தது. சபரிநாதனிடம் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் வீட்டில் அவருடைய நாய் கட்டியிருக்கும். சோறு போடுவதும் பீ அள்ளுவதும் அவர்கள் பாடு. குட்டிகள் மட்டும் அவருடையவை; பால்குடி மறந்ததும் கார் வந்துவிடும். "கான்ட்ராக்டர் நாய் நம்ப ஊட்ல கீது" என்று எட்வர்ட் தெருவில் பெருமை பேசுவார்.

மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடலாம் என்று சோனியா இரண்டு தடவை சொன்னாள். "சார் நாயி. அவரக் கேக்காம ஊசி போடக்கூடாது" என்றார் எட்வர்ட். அவரைக் கேட்கவும் கூடாது.

மூன்று நாளாக ராணி தண்ணீர் குடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்து, வாயில் எச்சில் ஒழுக, சுவரைப் பார்த்து உறுமியது. நேற்று சோறு வைக்கப்போன அம்மா ஆரோக்கியமேரியின் கையைக் கடித்தது. அவள் சுண்ணாம்பை அப்பி, முந்தானையால் மூடி, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். காலையில்தான் சோனியா பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். ராணியை உள்ளே வைத்துப் பூட்டி, அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். 'சார் காதுல ஒரு வார்த்த போட்டுட்டுப் போலாம்' என்று அப்பாதான் வண்டியை இங்கே திருப்பினார்.

"இன்னா புக்கு?" என்றார் சபரிநாதன். "உங்க ஊட்டு நாய்க்கு நீங்கதாம்மா ஊசி போடணும். வைத்தியம் பாக்க வக்கில்லாதவங்களுக்கு நாய் எதுக்கு?"

"கார்த்திகைல ஏழு குட்டியத் தூக்கினு போனீங்களே சார், அப்போ யார் ஊட்டு நாயி?"

"எட்வர்டு, இன்னாய்யா இது?"

"மன்னிச்சுக்கோங்க சார். காலேஜு போனதுலேர்ந்து வாய் நீண்டுபோச்சு."

ரத்னா குறுக்கே வந்தாள். "ஆஸ்பத்திரில கேட்டா தெருநாயின்னு சொல்லிடு. முன்னாடி நம்ப நாய வெச்சிருந்த தாவீது பொண்டாட்டியக் கடிச்சப்போ அவ அப்டித்தான் சொன்னா. ஊசி போடலையா இன்னா? எங்க பேரு வந்துச்சுன்னா குட்டி வாங்கனவங்கல்லாம் போன் போட்டு பேஜாரு பண்ணுவாங்க."

"குட்டி வாங்கனவங்க ஊட்லயும் கொழந்தைங்க கீறாங்கல்ல மேடம்?"



"தெருநாயி" என்றார் சபரிநாதன், எட்வர்டைப் பார்த்து. "வேற எதுனா சொன்னீங்க, நாளைக்கு வேலைக்கு வராத."

"சரிங்க சார்" என்றார் எட்வர்ட்.

ஆட்டோவிலிருந்து ஆரோக்கியமேரி கூப்பிட்டாள். "சோனியா, தொண்ட காயுதும்மா."

சோனியா ஓடிப்போய் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கடித்த ஒரே நாளில் வெறிநோய் வராது என்று படித்திருந்தாள். இருந்தாலும் அம்மாவின் தொண்டையையே பார்த்தாள். ஒரு மிடறு இறங்கியது. இன்னொன்று.

"தெருநாயின்னே சொல்லிடும்மா" என்றார் பின்னால் வந்த எட்வர்ட், கெஞ்சலாக.

நாயே இல்லாத அந்த வீட்டின் கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று புதுப் பலகை தொங்கியது. அதற்கு மேலே சபரிநாதனின் பெயரும் கதவு எண்ணும். சோனியா போனை எடுத்து, எழுத்துக் கலங்காமல் படம் பிடித்துக்கொண்டாள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு உடுங்கண்ணா" என்று ஆட்டோவில் ஏறினாள். அப்பா ஏறுகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.