லாபம், ரெண்டு, மூணு

12-2-1956, ஞாயிறு.
இன்று ஒரு சிறிய தவறு நடந்தது. தவறு என்னுடையது. ‘சிறிய’ என்று எழுதிவிட்டேன். பதினான்கு ஓட்டங்களைச் சிறியது என்று சொல்லலாமா, தெரியவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினால் பக்கம் அசிங்கமாகும். அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவு எழுதுவதற்குள் சின்னத்துரை மூன்று முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டான். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்து கையை ஆட்டியது. அழ வேண்டிய விஷயத்துக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசித்தான். அதையும் எழுதலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டான்.

சின்னத்துரைக்கு இருபது வயது. பகலில் தங்கபாண்டியன் முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில் மூடைகளின் மேல் மார்க்கு எழுதுவான். சாயங்காலம் வாசகசாலையில் ஐசக் சார் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவான். தினம் டைரி எழுத வேண்டும் என்பது சார் கொடுத்த பாடம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். இவன் மட்டும் எழுதிக்கொண்டே வந்தான்.

அந்த வாசகசாலையில்தான் வம்பு. முன் ஹாலில் ஒரு கரண்டு பல்பு உண்டு, பின்னறைக்குக் கிடையாது. முன் ஹாலில் தங்கபாண்டியன் முதலாளியும் அவர் சேக்காளிகளும் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். பின்னறையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி இங்கிலீஷ் வகுப்பு. புகையில் கண் எரிந்து பாதி எழுத்து தெரியாது. மார்ச்சு மாதம் பரீட்சை. ஐசக் சார் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் முன் ஹாலுக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஆறிலருந்து எட்டு வரைக்கும் இந்த ஹால எங்களுக்குக் கொடுங்கண்ணே. பிள்ளைக படிக்கிறாக.”

“படிக்கிறவனுக்குப் புத்தில வெளிச்சம் இருந்தாப் போதும்ல சாரே,” என்றார் தங்கபாண்டியன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க பயலுக கிரிக்கெட்டுன்னு ஆத்துத் திடல்ல ஆடுறாங்கல்ல? எங்களோட ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்க. ஜெயிச்சா ஹாலு உங்களுக்கு. தோத்தா வாயத் தொறக்கப்படாது.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிவாயிற்று. நாற்பது தாண்டியவர்கள் ஒரு பக்கம், வகுப்புப் பையன்கள் ஒரு பக்கம். பையன்களுக்கு ஆள் போதவில்லை. ஐசக் சாரையும் சேர்த்துப் பத்துப்பேர்தான் தேறினார்கள். பதினோராவது பெயராகச் சின்னத்துரையை எழுதிக்கொண்டார்கள்.

“எனக்கு மட்டையப் பிடிக்கவே தெரியாது சார்.”

“நீ பிடிக்கவே வேணாம்ப்பா. உன் முறை வாறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும். நீ ஓட்டத்த எழுது. உன்ன விட்டா யாரு ஒழுங்கா எழுதுவா?”

சின்னத்துரை கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தைத்துக்கொண்டான். சார் சொல்லச் சொல்ல ஆட்டத்தின் விதிகளை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டான். முதல் விதி: அம்பயர் சொல்வதே முடிவு. அதன் அடியில் இரண்டு கோடு இழுத்தான்.

காலையில் திடலில் எல்லோரும் கூடியதும், மட்டையில் படாமல் கிடைக்கும் ஓட்டத்துக்கு ‘பை’ என்று பெயர் என ஐசக் சார் விளக்கினார்.

“பையாவது மூடையாவது!” என்றார் தங்கபாண்டியன். “சும்மா வாற ஓட்டம் லாபந்தானே? லாபம்னே சொல்லுங்க. எல்லாருக்கும் விளங்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னத்துரை நோட்டில் ‘பை’யை அடித்துவிட்டு ‘லாபம்’ என்று எழுதிக்கொண்டான்.

முதலில் பெரியவர்கள் ஆடினார்கள். அம்பயராக ஐசக் சார் நின்றார். தங்கபாண்டியன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து நின்றார். அடித்தால் பந்து பறந்தது, அவர் மட்டும் நகரவில்லை.

“ஓடுங்க மொதலாளி!”

“நான் எதுக்குடா ஓடணும்? அடி வாங்குனது பந்து. அது ஓடட்டும்!”

எதிர்முனையிலிருந்து பாதி தூரம் ஓடிவந்த இருவர் இந்தத் தத்துவத்தாலேயே ஆட்டமிழந்தார்கள். திடலின் ஓரத்தில் சுப்புத்தாயக்கா ஏலக்காய் காயப்போட்டிருந்த பாய்தான் எல்லை. பந்து அங்கே போனால் நாலு ஓட்டம், கூடவே சுப்புத்தாயின் வசவு. “ஒரு காய் செதறுச்சு, மட்டைய அடுப்புல வச்சிருவேன், ஆமா!” எழுபத்தோரு ஓட்டத்தில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஆட்டமிழந்தார்கள். அதுவரை சின்னத்துரையின் நோட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

அடுத்துப் பையன்கள். ஐசக் சார் ஆட வேண்டும் என்பதால் அம்பயராக ஒச்சப்பன் அண்ணனை நிறுத்தினார்கள். ராசிங்காபுரத்துக்காரர். களத்துமேட்டில் நெல் அளப்பதுதான் அவர் சோலி. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. கக்கத்தில் குடையோடு இரண்டு முனைக்கும் அவர் ஒருவரே ஓவருக்கு ஓவர் நடந்தார்.

முதல் பந்து போட்டார்கள். மட்டையிலும் படவில்லை, யாரும் ஓடவுமில்லை. ஒச்சப்பன் தலையை நிமிர்த்தி, குரங்கணி மலைக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

“லாபம்!”

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சின்னத்துரை நோட்டைப் பார்த்தான், திடலைப் பார்த்தான். யாருமே ஓடவில்லையே? ஆனால் அகலமாகப் போன பந்துக்கு ஓடாமலே ஒரு ஓட்டம் உண்டு என்று நாலாவது விதி சொல்கிறது. இங்கிருந்து பார்த்தால் அகலம் தெரியாது. சந்தேகத்தோடு ஒன்று எழுதினான். அடுத்த ஓவரின் முதல் பந்துக்கும் அதே குரல். “லாபம்!” அதையும் எழுதினான். மூன்றாவது ஓவரில் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்தினான்.

“லாபமாண்ணே?”

“லாபந்தான்! அதுல என்ன சந்தேகம்?” என்றார் ஒச்சப்பன்.

“எழுதிக்கிறவா?”

“எழுதிக்கப்பு! நல்லா எழுதிக்க!”

அம்பயர் சொல்வதே முடிவு. சின்னத்துரை எழுதினான்.

“ஒச்சப்பண்ணன் நெல்லளக்குற மாதிரியே நிக்கிறாரு பாரு,” என்று ஏலக்காயைக் கிளறிக்கொண்டே சிரித்தாள் சுப்புத்தாய். அப்போதாவது மூளையில் உறைத்திருக்கலாம், உறைக்கவில்லை.

ஓட்டம் ஏறியது, விக்கெட்டும் விழுந்தது. எட்டாவது விக்கெட் போனபோது சின்னத்துரை மிச்சப் பெயர்களை எண்ணிப் பார்த்தான். இன்னும் ஒருவர் போனால் அவன் இறங்க வேண்டும். நின்றவர்கள் ஐசக் சாரும், ஜீப்பில் லோடு ஏற்றும் மொக்கையனும். பதின்மூன்றாவது ஓவர் முடிந்தபோது, எல்லோரும் பார்க்கச் சின்னத்துரை மரத்தடியில் வைத்திருந்த சிலேட்டில் எழுபத்தொன்று. இன்னும் ஒன்றே ஒன்று!

பதினான்காவது ஓவரின் முதல் பந்து. மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். காற்றுதான் கிழிந்தது. பந்து விக்கெட் கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது.

“லாபம்!” என்றார் ஒச்சப்பன்.

சின்னத்துரை குதித்தான். வாழ்க்கையில் அப்படிக் குதித்ததே இல்லை. “எழுபத்திரண்டு! ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு சார்!”

அப்புறம் யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியாது. மொக்கையன், “நான் என்னத்தடா அடிச்சேன்?” என்று கேட்டபடியே தோளுக்குத் தோள் மாறிப் போனான். சுப்புத்தாயின் பாயில் இரண்டு பேர் உருண்டார்கள். திடலின் நடுவே ஒச்சப்பன் அண்ணன் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு, “எலேய், இன்னும் அஞ்சு பந்து கெடக்குடா! எங்கடா போறீக?” என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. ஆனாலும் அன்று ஆறு மணிக்கு அத்தனை பேரும் வாசகசாலையில் இருந்தார்கள். பின்னறையிலிருந்து பெஞ்சுகளைப் பாட்டுப் பாடிக்கொண்டே முன் ஹாலுக்குத் தூக்கிவந்தார்கள். மொக்கையன் பல்புக்கு ஒரு கதம்ப மாலை போட்டான். அது சூட்டில் வாடி வாசனை வந்தது. ஐசக் சார் கரும்பலகையில் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி யாரும் பார்த்ததில்லை. பெரியவர்கள் பேச்சு மாறவில்லை. சீட்டுக்கட்டோடு பின்னறைக்குப் போய் அரிக்கேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். “கண்ணு எரியுதுய்யா,” என்று யாரோ சொன்னது கேட்டது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சின்னத்துரை பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து ஆட்ட நோட்டைப் பிரித்தான். சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். கண்ணில் நீர் வராமல் ஒரு பக்கம் முழுக்கத் தெரிந்தது. என்ன வெளிச்சம்! ஆளாளுக்கு அடித்த ஓட்டங்களைக் கூட்டினான். ஐம்பத்தைந்து. லாபம் பதினேழு. கூட்டினால் எழுபத்திரண்டு. சரிதான். மறுபடி கூட்டினான். சரிதான். ஆனால் இந்தப் பதினேழில் பதினான்கு மட்டும் ஏன் ஓவருக்கு ஒன்றாக, அதுவும் முதல் பந்திலேயே, வரிசையாக நிற்கின்றன?

அந்த நேரத்தில் பின்னறையில், பெரியவர்களோடு சீட்டாட உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் அண்ணன் சீட்டுக்கட்டில் ஏதாவது குறைகிறதா என்று எண்ண ஆரம்பித்தார். முதல் சீட்டைத் தரையில் அறைந்து உரக்கச் சொன்னார்.

“லாபம்!”

பிறகு குரல் இறங்கியது. “ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு…”

சின்னத்துரையின் பேனா நோட்டில் ஒரு பெரிய பொட்டு வைத்தது.

நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்பார். ஊரறிந்த வழக்கம். ஒச்சப்பன் பந்தை எண்ணியிருக்கிறார். முதல் எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொல்வது அவர் பழக்கம். மிச்ச ஐந்தும் மரத்தடிக்கு எட்டவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? இந்த வெளிச்சத்தில் படித்தால் பரீட்சையில் தேறிவிடலாம். சின்னத்துரை பல்பைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அது தன்னையே உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது. எழுந்து நின்றான்.

“சார், நாம ஜெயிக்கல.”

பாட்டு நின்றது. அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் பெரியவர்களும் வந்து கூடிவிட்டார்கள்.

“அடப் பாவி! மொதலாளிக்கு வாலு புடிக்கிறியா?” என்று பாய்ந்தான் மொக்கையன். “அந்த நோட்டக் கொண்டா, கிழிச்சுப் போடுறேன்!”

“கிழிச்சாலும் ஐம்பத்தெட்டுதான்,” என்றான் சின்னத்துரை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

ஒச்சப்பன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “நான் பந்தையில்லடா எண்ணுனேன்! நீ லாபமான்னு கேட்ட, நான் லாபந்தான்னேன். எண்ணிக்கைய எழுதிக்கப் போறேன்னு நெனச்சேன்!”

“ஏண்ணே, ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றான் மொக்கையன்.

“எடுத்த எடுப்புல ஒண்ணுன்னு சொன்னா வெளங்குமாடா? எங்கப்பன் காலத்துலருந்து வாயில வராத சொல்லு!”

முதலில் சிரித்தவர் ஐசக் சார். கரும்பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார். திரும்பியபோது நெற்றியில் எழுத்தெல்லாம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத் தங்கபாண்டியன் வெடித்தார். சிரிப்பில் இருமல் வந்து, வேட்டி அவிழ்ந்து, அதைப் பிடித்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். “பதினாலு ஓட்டத்த நம்ம ஒச்சப்பனே தூக்கிக் குடுத்திருக்கான்யா! சரி, நாங்கதான ஜெயிச்சோம்? பெஞ்ச எடுங்க, வெரசா!”

“இல்ல மொதலாளி,” என்றான் சின்னத்துரை.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனே தன்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்துக்கொண்டான்.

“நீங்களும் ஜெயிக்கல. எங்களுக்கு எட்டு விக்கெட்டுத்தான் போயிருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு. ஒச்சப்பண்ணே சொன்ன மாதிரி அந்த ஓவர்லயே அஞ்சு பந்து மிச்சம். ஆட்டம் முடியல. பாதியில நிக்குது.” விதி எழுதிய பக்கத்தைத் திருப்பி நீட்டினான். “ஒன்பதாவது விதி. பத்து விக்கெட்டும் விழுற வரைக்கும் ஆட்டம் உண்டு.”

“அதத்தானய்யா கத்துனேன், அஞ்சு பந்து கெடக்குன்னு!” என்றார் ஒச்சப்பன்.

மொக்கையன் ஒரு விநாடி யோசித்தான். பிறகு சின்னத்துரையை இடுப்போடு தூக்கித் தட்டாமாலை சுற்றினான். “மாப்ளே! நீ சொன்னா சரியாத்தாண்டா இருக்கும்!”

தங்கபாண்டியன் நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டு ஒன்பதாவது விதியைப் படித்தார். தலையை ஆட்டினார். “நாளைக்கு நாலு மணிக்கே ஸ்டோரச் சாத்துறேன். நாலரைக்குத் திடல்ல இருங்க. ஒச்சப்பா, நீ உன் இஷ்டப்படி எண்ணு. சும்மா வாற ஓட்டத்துக்கு வேற பேரு வைப்போம். எங்களுக்கு அது நட்டந்தானே, நட்டம்னு சொல்லு.”

“அந்தச் சொல்லு என் வாயில வராதுண்ணே!”

“அப்ப பையின்னே சொல்லித் தொலை!”

அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஹாலில் பாதி பெஞ்சு, பாதி சீட்டு என்று முடிவாயிற்று. பாடம் நடக்கவில்லை. சார் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்குவார், யாராவது ஒருவர் மெல்ல, “லாபம்!” என்பார். மறுபடி எல்லோரும் சரிவார்கள்.

ஏழரை மணிக்கு வீடு வந்த சின்னத்துரை டைரியைத் திறந்து தேதி போட்டுத் தவறை எழுதினான். சிரிப்பு அடங்கியதும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்து இறங்க வேண்டியவன் யார் என்பது. பேனாவை உதறி, அந்தப் பக்கத்தின் அடியில் மிச்சத்தையும் எழுதினான்.

நாளைய வேலை: மாலை நாலரை, ஆற்றுத் திடல். தேவை பதினான்கு ஓட்டம். கைவசம் இரண்டு விக்கெட். அதில் ஒன்று நான். காலையில் ஸ்டோருக்குப் போகும் வழியில் மொக்கையன் வீட்டுக்குப் போய், மட்டையைப் பிடிக்கும்போது எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.