குச்சி கொடுத்த வீடு

கோர்தோபாவில் குதிரை வண்டி ஓட்டுகிறவர்களில் ஹெனாரோ அளவுக்கு வாய் உள்ள ஆள் கிடையாது. மெஸ்கீத்தா என்ற பழைய மசூதியின் மதில் ஓரம், ஆரஞ்சு மர நிழலில் லுசேராவை நிறுத்திக்கொண்டு நிற்பான். லுசேரா அவனுடைய பெண் குதிரை. அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதற்கே பாதிச் சரித்திரம் தெரியும். மசூதிக்குள் எண்ணூற்று ஐம்பத்தாறு தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள், அதன் நடு வயிற்றில் எழுப்பிய தேவாலயம், ரோமானியர் பாலம், கம்பத்தின் உச்சியில் நின்று ஊரைக் காக்கும் வானதூதர் ரஃபாயேல், எல்லாவற்றையும் முக்கால் மணி நேரத்தில் அளந்துவிடுவான். கடைசியில் வண்டியைத் தன் தெரு முனைக்குக் கொண்டுவந்து, சாட்டையால் ஒரு பழைய மரக் கதவைக் காட்டி, "இந்த ஊர்லயே அழகான முற்றம் அதுக்குள்ளதான் இருக்கு. என் கையால வளர்த்தது" என்பான்.

பச்சைப் பொய். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவன் ஒரு செடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. வண்டியை விட்டு இறங்கினால் அசிஸ்க்லோவின் மதுக்கடை, அங்கே அரைக் கிளாஸ் ஒயினும் ஒரு தட்டு ஆலிவ் காயும், பிறகு வீடு, சாப்பாடு, தூக்கம். முற்றத்தை அவன் நடந்து கடப்பதோடு சரி.

வளர்த்தது அவன் மனைவி ஃபுவென்சாந்தா. சுண்ணாம்பு அடித்த சுவர்களில் தரையிலிருந்து ஓட்டு விளிம்பு வரை இருநூற்றுப் பத்து நீலத் தொட்டிகள், பெரும்பாலும் ஜெரேனியம். எட்டாத உயரத்துக்கு, நுனியில் தகர டப்பா கட்டிய நீண்ட நாணல் கழியைத் தூக்கி ஊற்றுவாள். மே மாதம் ஊரின் முற்றங்கள் இரண்டு வாரம் கதவைத் திறந்துவைக்கும், உலகமே வரிசையில் நின்று பார்த்துப் போகும், நகராட்சி பரிசு கொடுக்கும். இருபத்தேழு வருடமாக ஃபுவென்சாந்தா கதவைத் திறக்காமல் இருந்ததில்லை.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஹெனாரோவின் கணக்கில். யாராவது ஒரு செடியைப் பார்த்து "அடடா" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே ஒரு குச்சி ஒடித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவாள். எதிர்வீட்டு அராசெலிக்கும் கொடுத்தாள். அதே அராசெலிதான் அந்தக் குச்சிகளை வளர்த்து, போட்டிக்கு முற்றம் திறந்து, போன வருடம் இவளை முந்திப் பரிசும் வாங்கினாள்.

"இப்படியே ஒடிச்சு ஒடிச்சுக் குடு. கடைசில உனக்கு வெறும் சுவர்தான் மிஞ்சும்" என்று ஹெனாரோ சொல்வான்.

"மிஞ்சட்டுமே. அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது நான்தான?" என்பாள் அவள்.

ஏப்ரல் நடுவில் அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன். இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது ஹெனாரோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் திரும்பி வர்றப்போ சுவர் பூத்திருக்கணும். அத மட்டும் பாத்துக்கோ."

ஊருக்கே சரித்திரம் சொல்கிறவன் அன்று தலையை மட்டும் ஆட்டினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். ஹெனாரோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். விடிந்ததும், லுசேராவுக்குக் கொள்ளு வைக்கும் முன்பே, கழியைத் தூக்கினான். முதல் நாள் பாதித் தண்ணீர் அவன் தலையில்தான் விழுந்தது. நாலாம் நாள் கை பழகிவிட்டது. ஒவ்வொரு தொட்டியாக, ஒன்று விடாமல், ஏதோ பிரார்த்தனை செய்கிறவன் மாதிரி ஊற்றினான்.

இரண்டாவது வாரம் இலை மஞ்சளடித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு டப்பா சேர்த்து ஊற்றினான். தண்டு அடியில் கறுத்தது. இன்னும் ஊற்றினான். சுவர் முழுக்க இலை தொங்கிப்போனது. தினமும் ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கேட்பது சுவரைத்தான். "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அவளுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதே திங்கட்கிழமைதான் முற்றங்கள் திறக்கும் முதல் நாள்.

அதற்கு முந்தின புதன்கிழமை பாலத்தருகே லுசேராவின் லாடம் கழன்றது. ஹெனாரோ மத்தியானமே வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே அராசெலி ஏணிமேல் நின்று, கழியைத் தூக்கி, நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற இங்க?"

"கத்தாதய்யா, விழுந்துடுவேன். உம் பொண்டாட்டிதான் போன் பண்ணிச் சொன்னா. அவரு மறந்துடுவாரு, தெரியாம போய் ஊத்து, சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால சாவி தொங்குறது தெருவுக்கே தெரியும்."

"நான்தான் தினம் காலைல ஊத்துறேனே!"

அராசெலி கழியை இறக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கதவருகே செருமல் சத்தம். கடையை மதியத்துக்கு மூடிவிட்டு அசிஸ்க்லோ வந்து நின்றான். அவன் கையில் ஒரு பூவாளி.

"நீயுமாடா?" என்றான் ஹெனாரோ.

"எங்கிட்டயும்தான் சொன்னா. நான் தினம் மூணு மணிக்கு வந்து ஊத்திட்டுப் போவேன், இன்னைக்குத்தான் சீக்கிரம் வந்துட்டேன். தொட்டி எப்பவும் ஈரமாவே இருக்கும், என்ன மண்ணோ நல்ல மண்ணுன்னு நினைச்சேன்."

ஹெனாரோ அப்படியே கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் ஃபுவென்சாந்தாவின் அக்கா ரெமே வந்தாள். அவளும் தினம் ஏழு மணிக்கு ஊற்றுகிறவள்தான் என்று தெரிந்தபோது அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு வேளை. பாவம், அளவாகத் தண்ணீர் கேட்கிற செடிக்கு, வாத்துக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியிருக்கிறார்கள்.

நாலு பேருமாக எண்ணினார்கள். இருநூற்றுப் பத்தில் ஐம்பத்து மூன்று பிழைக்கும். மற்றவை வேர் அழுகிவிட்டன.

"மாப்ளே, அவ கேட்டா என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் ரெமே.

"தெரியல மதினி." "வாழ்க்கைல ஒரே ஒரு தடவதான் எங்கிட்ட ஒண்ணு கேட்டா."

மேல் வரிசையை எண்ணிக்கொண்டிருந்த அராசெலி ஏணியை விட்டு இறங்கினாள். சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வெளியே போனாள். போய்த் தொலையட்டும், இந்த வருடமும் பரிசு அவளுக்குத்தான் என்று ஹெனாரோ நினைத்தான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இரண்டு கக்கத்திலும் இரண்டு தொட்டிகள், பூத்துக் குலுங்கிக்கொண்டு.

"உன் சுவரு? உனக்கும் திங்கக்கிழமை திறக்கணுமே?" என்றான் ஹெனாரோ.

"எனக்குத் தெரியாதா? நிக்காத, வா. இன்னும் அறுபது இருக்கு, தூக்கணும்."

"அராசெலி, இத நான் எப்படி…"

"வாய மூடிட்டுத் தூக்குய்யா. உன் வாயி முப்பது வருஷமா வேல செய்யுது, இன்னைக்கு முதுகு செய்யட்டும்."

வியாழன் முதல் ஞாயிறு வரை, பகல் தூக்கத்துக்குத் தெரு அடங்கும் நேரத்தில் வேலை நடந்தது. அசிஸ்க்லோ கடை முகப்பிலிருந்த முப்பதைக் கொண்டுவந்தான். ரெமேயின் பால்கனி மொட்டையானது. விஷயம் கசிந்து, ரொட்டிக்கடைக்காரி, செருப்பு தைக்கிறவர், பின்தெருவிலிருந்த மடத்துக் கன்னியாஸ்திரிகள் என்று ஆளுக்கு நாலைந்து கொடுத்தார்கள். தொட்டிகள் பச்சை, சிவப்பு, வெறும் மண் என்று பல நிறம். ஹெனாரோ முற்றத்தில் குந்தி, ஒவ்வொன்றாக நீலம் அடித்தான். ஒவ்வொரு தொட்டி வந்து சேரும்போதும் நன்றி என்று சொல்ல வாயெடுத்தால் யாராவது ஒரு கிண்டலை எடுத்து வீசினார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு லுசேராவின் வண்டியிலேயே ஃபுவென்சாந்தாவைக் கூட்டி வந்தான். அவள் இளைத்திருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். அராசெலி, அசிஸ்க்லோ, ரெமே மூவரும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சுவர் நாலு பக்கமும் பூத்துக் கிடந்தது.

அவள் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவன் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் நீலம்.

"இது என் செடி இல்லையே" என்றாள்.

ஹெனாரோவுக்கு இனி பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டினான். காலையில் தான் ஊற்றியது, மத்தியானம் அராசெலி, மூன்று மணிக்கு அசிஸ்க்லோ, சாயங்காலம் ரெமே, வேர் அழுகியது, தெரு கொண்டுவந்து கொடுத்தது. "கொன்னுட்டேன். மன்னிச்சிடு" என்றான்.

"தினம் ஊத்துனியா? நீயா?"

"ஒரு நாள் விடாம ஊத்துனேன்."

ஃபுவென்சாந்தாவின் கண் நிறைந்தது. "உன்ன நம்பாம மூணு பேருகிட்ட சொன்னேன் பாரு, நான்தான்யா கொன்னது. நீதான் என்ன மன்னிக்கணும்" என்றாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

சிரித்து முடித்துச் சுவரருகே போனாள். விரலால் இலைகளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த நரம்போடுன ரோசா நிறம், அராசெலியோடது. அவ கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் ஒடிச்சுக் குடுத்த குச்சி." இன்னும் இரண்டடி நடந்தாள். "இது அசிஸ்க்லோ கடை திறந்தப்போ குடுத்தது. இது மடத்துக்கு. பெரிய சிஸ்டர் முடியாம படுத்திருந்தாங்களே, அப்போ." அப்படியே சுவர் முழுக்கப் படித்துக்கொண்டு போனாள். நூற்று ஐம்பத்தேழு தொட்டியில் அவள் அடையாளம் காணாதவை பதினொன்றுதான். "எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்யா. கட்டிக் குடுத்த இடத்துலேருந்து வந்திருக்கு."

அராசெலி மூக்கைச் சிந்தினாள். "பதினோரு மணியாச்சு. கதவத் திறங்க, வெளில வரிசை நிக்குது" என்று அதட்டினாள்.

நடுவர்கள் வந்தபோது ஃபுவென்சாந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்த வருடம் பார்க்கத்தான் திறந்திருக்கிறேன், போட்டிக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அராசெலியின் சுவரில் அங்கங்கே ஓட்டை விழுந்திருந்ததால் அவளுக்கும் பரிசு கிடைக்கவில்லை. வழக்கமாக அதற்காக ஒரு மாதம் புலம்புகிறவள், இந்த முறை இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டாள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஹெனாரோ வண்டியைத் துடைத்து மெருகேற்றி, நாலு பேரையும் ஏறச் சொன்னான். சொந்த ஊரில் யாரும் குதிரை வண்டியில் ஊர் சுற்றுவது கிடையாது. அராசெலி வெட்கத்தில் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"யாராவது பாத்தா என்ன வெளியூர்க்காரின்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். இன்னைக்கு நீங்க என் விருந்தாளி" என்றான்.

மெஸ்கீத்தாவைச் சுற்றினான். தூண் எண்ணூற்று ஐம்பத்தாறு என்று ஆரம்பித்ததும், "நீ உள்ள போய் எண்ணுனியாடா?" என்றான் அசிஸ்க்லோ. பாலத்தருகே நின்று காற்று வாங்கினார்கள். ரெமே ஆரஞ்சுப் பழம் உரித்து எல்லாருக்கும் சுளை கொடுத்தாள், லுசேராவுக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வானதூதர் கம்பத்தை, ஏதோ இன்றுதான் நட்டுவைத்ததுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். ஹெனாரோ வழியெல்லாம் பேசினான். பேசிக்கொண்டே இருந்தாலும் சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

கடைசியில் வண்டி தெரு முனைக்கு வந்தது. அவன் எப்போதும் சொல்லும் அந்தப் பொய் தெருவுக்கே தெரியும். இப்போது என்ன சொல்லப் போகிறான் என்று பின்னால் நாலு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஹெனாரோ சாட்டையைத் தூக்கினான். தன் வீட்டுக் கதவைக் காட்டவில்லை. அராசெலியின் ஜன்னல், மதுக்கடை முகப்பு, ரொட்டிக்கடை, மடத்துச் சுவர் என்று ஒரு முனையிலிருந்து மறு முனைவரை காட்டினான்.

"இந்தத் தெரு," என்றான், "என் பொண்டாட்டி வளர்த்தது. அதுதான் எங்களக் காப்பாத்துச்சு. ரொம்ப நன்றி. உங்க எல்லாருக்கும்."

யாரும் கிண்டல் செய்யவில்லை. அசிஸ்க்லோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஃபுவென்சாந்தா முன்னால் சாய்ந்து அவன் முதுகில் கை வைத்தாள்.

"வண்டிய விடுய்யா, வெயில் ஏறுது. வீட்டுக்குப் போய் குச்சி ஒடிக்கணும். அராசெலியோட சுவரு ஓட்டையாக் கிடக்கு."