கடலில் சொன்ன சேதி

நொச்சிக்குப்பத்தில் முன்கோபக்காரனிடம் கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் கரையில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். படகில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொல்வார்கள். பைபர் போட்டில் ஒருவன் எழுந்து அடிக்கப் போனால் இரண்டு பேரும் தண்ணீரில்தான் விழ வேண்டும். கோபித்துக்கொண்டு போகலாமென்றால் போவதற்கு இடமில்லை. வலையை வலித்துக் கரைக்குத் திரும்புவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்று ஒரு கணக்கு.

மண்ணாங்கட்டிக்கு இது தெரியாததில்லை. அவனே ஒருமுறை தன் மைத்துனனை இப்படிக் கூட்டிப் போயிருக்கிறான். ஆனாலும் அன்று மத்தியானம் லாரன்ஸ் வந்து, "மச்சி, சாயங்காலமா ஒரு வலை போட்டுட்டு வந்துரலாமா? கானாங்கெளுத்தி ஓடுதாம்" என்று கேட்டபோது துளிச் சந்தேகம்கூட வரவில்லை. படகில் பாதி இவனுடையது, பாதி அவனுடையது. சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள். கிறிஸ்துமஸ் வருகிறது, வீட்டில் செலவிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், பாவம்.

கரையை விட்டு வந்து வலையை இறக்கி முடிப்பதற்குள் சூரியன் சாந்தோம் பக்கம் இறங்கிவிட்டது. வாடைக்காற்று காதுக்குள் புகுந்து குடைந்தது. மண்ணாங்கட்டி துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். லாரன்ஸ் பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி அவன் கையில் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் லாரன்ஸ் யாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்ததில்லை. மண்ணாங்கட்டி டீயைக் குடிக்காமல் அவன் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாடா விஷயம்?"

"ஒண்ணுமில்ல மச்சி. குளிருதேன்னு..."

"ஒண்ணுமில்லாததுக்கா டீ ஊத்துறே? யாருக்கு இன்னா ஆச்சி? சொல்லித் தொலைடா."

லாரன்ஸ் வலைக்கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மார்க்கெட்டு குலுக்கல் கீதுல்ல மச்சி..."

ரோட்டோரம் மீன் விற்ற பெண்களுக்கெல்லாம் புதிதாகக் கூரை போட்டு மார்க்கெட் கட்டியிருந்தார்கள். யாருக்கு எந்தக் கடை என்பதைக் குப்பத்துக்காரர்களே குலுக்கிப் போட்டு முடிவு செய்துகொண்டார்கள். பக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பேரைப் படித்தவன் லாரன்ஸ். வாசலை ஒட்டிய முதல் கடை லாரன்ஸின் மச்சினி அன்புச்செல்விக்கு வந்தது. மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி தேவானைக்குக் கிடைத்தது கடைசிக் கடை, கக்கூஸ் சுவரை ஒட்டியது. கார் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை யார் நடப்பார்கள்? மூன்று வாரமாகத் தேவானை பாதி மீனைத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"வாசலாண்ட கடை தேவானை தங்கச்சி பேர்லதான் மச்சி வந்துச்சி. நான்தான் அன்புச்செல்வி பேருன்னு மாத்திப் படிச்சிட்டேன்."

மண்ணாங்கட்டிக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் டீ கிளாஸ் கடலுக்குள் போயிற்று.

"எங்க சீட்டுதான் கெடச்சிதாடா உனுக்கு? அம்மாம் பேரு கீறாங்களே!"

"வேற யார் சீட்ட மாத்தினாலும் கலாட்டா ஆயிருக்கும் மச்சி. நீ நம்ம ஆளு. தெரிஞ்சாலும் பொறுத்துப்பேன்னு..."

நம்ம ஆளு! எதிரியை ஏமாற்றப் பயமாம், அதனால் கூட்டாளியை ஏமாற்றினானாம். இதைச் சொல்லிக்கொண்டு ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? மண்ணாங்கட்டி துடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். போட்டு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே வந்து முழங்காலை நனைத்தது. லாரன்ஸ் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மச்சி, வாணாம் மச்சி" என்று அலறினான்.

மண்ணாங்கட்டி உட்கார்ந்தான். உட்கார வேண்டியிருந்ததே என்றுதான் இன்னும் ஆத்திரம் வந்தது.

"இப்ப ஏண்டா சொல்றே? மனசாட்சி குத்திச்சா?"

"அன்புச்செல்விக்கும் என் வூட்டுக்காரிக்கும் நேத்து சண்ட. இவ கொழாயடில நின்னு, கடைய வாங்கிக் குடுத்ததே என் புருசன்தான்னு எல்லாத்தையும் கத்திட்டா. எப்டியும் உன் காதுக்கு வந்துரும். அதான் நானே..."

"மாட்டிக்குவேன்னு தெரிஞ்சி வந்துக்கீறே. வலிடா வலைய."

வலித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து வலிக்க வேண்டிய வலையை மண்ணாங்கட்டி ஒருவனே வெறி பிடித்தவன் மாதிரி இழுத்தான். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அன்றைக்கென்று பார்த்து வலையின் கண்ணுக்குக் கண் மீன் மாட்டியிருந்தது. எல்லாம் கானாங்கெளுத்தி, வேறு நாளாயிருந்தால் இரண்டு பேரும் கூச்சல் போட்டுச் சிரித்திருப்பார்கள். என்னை ஏமாற்றிவிட்டான், என் சோற்றில் கை வைத்துவிட்டு என்னோடு வலை வலிக்கிறான், என்னை என்னவென்று நினைத்தான் என்று மண்ணாங்கட்டி மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றி வந்து இரண்டு பேர் முகத்திலும் பட்டுப் போயிற்று. கரையை நெருங்க நெருங்கக் கோபம் ஆறுவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டுதான் வந்தது.

போட்டு மணலில் முட்டியதும் லாரன்ஸ் முதலில் குதித்தான். ஓடவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றான்.

"அட்ச்சிக்கோ மச்சி."

மண்ணாங்கட்டி கையை ஓங்கிய நேரத்தில் தேவானை இடுப்பில் அன்னக்கூடையோடு இருட்டிலிருந்து வந்தாள்.

"இன்னாய்யா, மீனு பட்டுச்சா?"

ஓங்கிய கையால் லாரன்ஸின் சட்டையைப் பிடித்து அவள் முன்னால் தள்ளினான். "என்னாண்ட சொன்னத அவளாண்ட சொல்லுடா."

லாரன்ஸ் சொன்னான். கடலில் அவ்வளவு நேரம் இழுத்த கதை, கரையில் நான்கு வார்த்தையில் முடிந்துவிட்டது. தேவானை கத்தவில்லை. கூடையை மணலில் வைத்தாள்.

"அந்தக் கடை யார்துண்ணே?"

"உன்துதான் தங்கச்சி."

"என் கடைய எத்துக்கினு போயிட்டு, இவர இட்டுக்கினு போயி கடல்ல சமாதானம் பேசினியா? இவருக்குக் கோவம் வரும்னு பயந்தியே, எனுக்கு வராதுன்னு யாரு சொன்னா உனுக்கு?"

"நீ இரு தேவானை, இவன இன்னிக்கி நான்..." என்று மண்ணாங்கட்டி முன்னால் வந்தான்.

"நீ பேசாத. மூணு வாரமா அந்த நாத்தத்துல குந்திக்கினு, சோறு எறங்கலய்யான்னு உன்னாண்ட வந்து சொன்னேனே, இன்னா சொன்னே? உன் ராசி அப்டின்னு சொன்னேல்ல?"

சொல்லியிருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருந்தான். அவ்வளவு நேரம் கடலில் குமுறினானே, அதில் ஒரு தடவையாவது அவள் முகம் வந்ததா? எல்லாம் என்னை, என்னை, என்னைத்தான்.

"நாளைக்கி வெடிகாலைல என் கூடைய வாசலாண்டதான் வெப்பேன்" என்றாள் தேவானை. "அன்புச்செல்வியாண்ட நானே பேசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தலகாட்டக் கூடாது."

போட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மீன் குவிந்து கிடந்தது.

"நல்ல மீன்பாடுதான். யாரு விப்பாங்களோ அவங்கள இட்டாந்து குடுங்க" என்றாள். கூடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இரண்டு ஆண்களும் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிடித்த மீனைக் கரையில் போட்டதோடு வேலை முடிந்தது என்று வளர்ந்தவர்கள். ஒரு மீனுக்கு விலை சொல்லவோ, பேரம் பேசுகிறவளிடம் வாய் கொடுக்கவோ இருவருக்கும் தெரியாது.

"ஐஸு கீதா மச்சி?" என்றான் லாரன்ஸ்.

மண்ணாங்கட்டி ஓங்கி ஒன்று விட்டான். சத்தம் கடற்கரை முழுக்கக் கேட்டது. தேவானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.