மிஞ்சிய ஸ்பிரிங்

தன் லாரிக்கு பிரேக் ஷூ மாற்ற மெக்கானிக் எதற்கு என்று கடைக்காரர் தெருவே கேட்க முழங்கியிருந்தார். கழற்றிய சாமான்களை மடக்குக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பி, புது ஷூவைப் பொருத்தி, டிரம்மை மாட்டி, சக்கரத்தையும் பூட்டினார். கட்டிலில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சிக் கிடந்தது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி. காலையில் சரக்கோடு மலை இறங்கும்போது பக்கத்தில் உட்காரப்போகிறவள் அவள்தான்.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடவே வச்சிருப்பான்."

"ஆமா, உங்களுக்குன்னு பாத்துப் பாத்து வச்சான்! நான் பஸ்ல வரேன், நீங்க லாரியில இறங்குங்க."

அவருக்கும் சந்தேகம் வந்தது. மறுபடி கழற்றினார். எல்லா ஸ்பிரிங்கும் அதனதன் இடத்தில் இருந்தது. திரும்ப மாட்டினார். அந்த ஒன்று மட்டும் கட்டிலிலேயே கிடந்து அவரை முறைத்தது. மூன்றாம் தடவை கழற்றியபோது மெக்கானிக்கையே கூப்பிடலாமா என்று தோன்றியது. அவன் சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. கால் கடுத்துப்போய்க் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கமாகத் தொய்ந்து அவரைத் தரையில் உருட்டிவிட்டது.

மனைவி குனிந்து பார்த்தாள். கட்டில் துணியைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்றைக் காணோம்.

"இது லாரியோடது இல்லீங்க, கட்டிலோடது!"

மல்லாந்து கிடந்தபடியே அவர் நீளமாக மூச்சு விட்டார். இடுப்பு வலித்தது. இத்தனை சுகமான வலியை அவர் பட்டதே இல்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பிரேக்ல குறையே இல்லைன்னு."

"சொன்னீங்க, சொன்னீங்க. எந்திரிச்சு சக்கரத்தை மாட்டுங்க. நானும் லாரியிலயே வரேன்."