ஹேண்டில்பார் அகலம்

எங்கள் ஊரில் மலை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கடலூர் கேப்பர் மலை ஒரு செம்மண் மேடு, அவ்வளவுதான். அதன் பின்பக்கத்துப் புறம்போக்கில் மவுன்டன் பைக் ஓட்ட எங்கள் கூட்டம் ஒரு பாதை வைத்திருந்தது. முதலில் போட்டவர்கள் சிங்காரம் அண்ணனும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அரிவாள், மண்வெட்டியோடு கிளம்பிவிடுவோம். வழியை மறைக்கும் வேலிகாத்தான் முள்ளைக் கழிப்போம். மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் ஓரமாக ஓட வாய்க்கால் வெட்டுவோம். முள் கீறல்தான் எங்களுக்குக் கூலி.

சிங்காரம் அண்ணனுக்கு ஒரே சட்டம்: ஹேண்டில்பார் அகலத்துக்கு மேல் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு கைப்பிடியும் முள்ளை உரச வேண்டும். "அகலமா போட்டா எவன் வேணா வருவான். சைக்கிள் மட்டும் வந்தா போதும்" என்பார். எங்களில் யாராவது ஒரு கிளை கூடுதலாக வெட்டிவிட்டால் அவரைவிட ஆரோக்கியராஜ்தான் அதிகமாகக் குதிப்பார்.

போன வருடம் சிங்காரம் அண்ணனுக்குப் பாண்டியில் இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. சில மாதம் கழித்து அவர் மனைவி வெண்மதி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாரு ஜான்சி. இவுரு சைக்கிள தொட மாட்றாரு. வித்துடுன்றாரு. அதுவும் போயிடுச்சின்னா கட்டிலே கதின்னு கெடப்பாரு."

ஆரோக்கியராஜ் கேட்டுக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து விடிந்ததும் தனியாகக் கிளம்பினார்.

"எங்க போறீங்க?"

"மச்சான் வுழாத மாரி பாதை போடப் போறேன். அவன்கிட்ட மூச்சு வுடாத. முடிச்சிட்டு கூட்டினு போயி காட்டணும்."

இரண்டு பக்கமும் முள்ளைக் கழித்துப் பாதையை அகலமாக்கினார். வளைவுகளை நேராக்கினார். கல்லைப் பெயர்த்தார். கடைசியில் ரோட்டோரம் பாதை தொடங்கும் இடத்தில் இருந்த முள் புதரையும் வேரோடு பிடுங்கிவிட்டார்.

"ஹேண்டில்பார் அகலம் என்னாச்சி?" என்று கேட்டேன்.

"சட்டம் போட்டவனுக்குத்தான செய்யறேன்? அவன் என்ன கேஸா போடுவான்?" என்று சிரித்தார். கையெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் கல்யாணக் களை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மழை விட்டதும் சிங்காரம் அண்ணனை எப்படியோ கெஞ்சிக் கிளப்பினோம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டே வந்தார்.

ரோட்டோரத்திலேயே டிப்பர் லாரியின் டயர்த் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. உள்ளே போனால் பாதி தூரத்தில் பாதையைக் காணோம். செம்மண்ணை வெட்டி அள்ளிப் போயிருந்தார்கள். வீடு ஒன்றைத் தூக்கி உள்ளே வைக்கலாம், அப்படி ஒரு பள்ளம். அத்தனை வருடம் எங்களைக் கீறிய முள் அந்த மண்ணையும் காவல் காத்திருக்கிறது. எங்களுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று சொல்ல வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"உனக்காவத்தான் மச்சான்..." என்று ஆரம்பித்தார் ஆரோக்கியராஜ்.

சிங்காரம் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு முள்ளு மேலயும் பயமில்ல, வளைவு மேலயும் பயமில்லடா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து தனியாவே கெடந்தேன். நீ வந்து, வாடா போலாம்னு சொல்லி முன்னால போயிருந்தா, பழைய பாதைலயே ஒன் பின்னால வந்திருப்பேன்."

அதிகாரிகளிடம் புகார் கொடுத்தோம், லாரி நின்றது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ஆரோக்கியராஜ் முள்ளை வெட்டி இழுத்துவந்து பாதையின் வாயை அடைத்தார். அன்று மதியம் வெண்மதி போன் செய்தாள், அண்ணன் சைக்கிளை விற்றுவிட்டாராம்.

சொன்னேன். அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

"அத்தன நாளு முள்ள வெட்டனதுக்கு, ஒரே ஒரு நாளு அவன் வூட்டுக்குப் போயிருக்கலாம் ஜான்சி."