தடுத்த செய்திகள் போய்ச் சேர்ந்த இடம்

கைபேசி நிறுவனம் தடுத்து நிறுத்திய குப்பைச் செய்திகள் எல்லாம், அந்தந்த எண்ணை முன்பு வைத்திருந்து செத்துப்போனவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு செய்திக்கு, "இனிமே எனக்கு எதுக்குங்க கடன்" என்று பதில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலாளர் விசாரித்தார். இதனால் மின்கட்டணம் கூடவில்லை என்று தெரிந்ததும், போகட்டும், அந்தப் பதில்கள் ஒரு ஓரத்துத் திரையில் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்தத் திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, செய்திகளைச் சலிக்கும் விதிகளை எழுதுகிறவளின் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர்.

சல்லடை கெட்டிக்காரி. பரிசு விழுந்தது, வழுக்கையில் முடி முளைக்கும், மனை மலிவு என்று எந்த வேஷம் போட்டு வந்தாலும் பிடித்துவிடுவாள். நல்ல செய்தி தவறிக்கூட மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவள் எழுதிய ஒரு விதியை எல்லோரும் மெச்சினார்கள்: வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் இருந்தால் அந்தச் செய்தியைத் தடுக்கக் கூடாது. விளம்பரக்காரனுக்கு உன் செல்லப்பெயர் எங்கே தெரியப்போகிறது என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை.

அவளுடைய ஒரே மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது காய்ச்சலில் போனாள். சில மாதம் கழித்து, அந்த எண்ணை நிறுவனம் வழக்கப்படி ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்தது. அவருக்கு வந்த மனை விளம்பரம் ஒன்றைத் தடுத்த மறுநாள், மனப்பாடமாகிப்போன அந்த எண்ணிலிருந்து ஓரத்துத் திரையில் பதில் வந்தது.

"அம்மா, நீதான் பாக்குறியா? இங்க எனக்கு வர்றதெல்லாம் 'அன்புள்ள வாடிக்கையாளரே'ன்னுதான் வருது. ஒரே ஒரு தடவை வாலுன்னு கூப்பிடேன்."

சல்லடை கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்து, வாலு, என் கண்ணு, சாப்பிட்டியாடி என்று அனுப்பினாள். சுத்தமான செய்தி, எந்த விதியிலும் சிக்காமல் நேராகப் போயிற்று. சாப்பிட்டேங்க, நீங்க யாரு என்று லாரி டிரைவர் கேட்டார். சரி, குப்பையாகவே எழுதுவோம் என்று, வாழ்த்துகள் வாலு, உங்களுக்கு ஒரு கோடி பரிசு என்று அடித்துப் பார்த்தாள். செல்லப்பெயரைக் கண்டதும் விதி வழிவிட்டது. பரிசை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்று லாரி டிரைவர் மரியாதையாக விசாரித்தார். பெயரை எடுத்துவிட்டு அனுப்பினால் மகளுக்குப் போனது. ஆனால் மகள், இதுவும் கடைக்காரன் மாதிரிதாம்மா இருக்கு என்று எழுதினாள். பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செல்லப்பெயர் விதியைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது. விசைப்பலகைக்குக் கைகூடப் போனது. ஆனால் தூக்கினால், ஊரில் உள்ள அத்தனை தாய்மாரின் செல்லமும் கண்ணும் விளம்பரத்தோடு சேர்ந்து சிக்கி, செத்தவர்களுக்குப் போகும். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருக்கும். தன் வயிறு எரிகிறதென்று ஊர் வயிற்றில் நெருப்பு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் தன் எண்ணையே மொத்தமாகத் தடுத்துவிட்டாள். குப்பை அனுப்புகிறவர்களுக்குச் செய்வதுதான் அது. அதன்பின் அவர்கள் என்ன எழுதினாலும் குப்பைதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

வாலு என்று மட்டும் அனுப்பினாள்.

"ம்," என்று வந்தது. "இன்னொரு தடவை."

அன்றிலிருந்து அவள் எழுதுவது எதுவும் உயிரோடு இருப்பவர்களுக்குப் போகவில்லை. பால் வாங்கி வரும்படி கணவனுக்கு அனுப்பியது, அவர் எண்ணை முன்பு வைத்திருந்த யாரோ ஒரு பெரியவருக்குப் போய், எத்தனை பாக்கெட் என்று அவர் கேட்டார். அன்று வீட்டில் பால் இல்லை. விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

கணவர் தையல்காரர். மகள் போனபின் அளவெடுக்கும்போது தவிர யாரிடமும் பேசாதவர். அவள் சொல்லி முடிக்கும்வரை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார், கோக்க முடியவில்லை. பிறகு தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். தினமும் காலையில் அவரும் வாலுவுக்கு எழுதியிருந்தார். எல்லாம் லாரி டிரைவருக்குப் போயிருந்தது. அந்த மனிதர் புண்படுத்த வேண்டாமென்று ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"என் நம்பரையும் தடுத்துடு," என்றார்.

"அப்புறம் உங்களால யாருக்கும் எதுவும் அனுப்ப முடியாதுங்க. எனக்குக்கூட."

"நீ பக்கத்துலதானே இருக்க."

மறுநாள் தடுத்துவிட்டாள். சாயங்காலம் ஓரத்துத் திரையில், அப்பா வாலு வாலுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், போதும், போய்ச் சாப்பிடச் சொல்லு என்று வந்தது. சல்லடை கணினியை அணைத்தாள், பஸ் பிடித்தாள், வீட்டுக்குப் போய் அதை அவரிடம் வாயால் சொன்னாள்.