சாட்சியின் பழைய பொய்

மருந்துக்கடைக் காவலாளியின் தாடையை உடைத்தது கொழுந்தன்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அண்ணி ஒருத்திதான்; பக்கவாட்டில் திடீரென்று விழுந்த அடியில் காவலாளிக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. எதிர்த் தையல்கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“கூப்பிட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். உங்க தம்பிங்கிறதுக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்” என்று கணவனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

கணவன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அம்மா அன்ன ஆகாரம் இல்லாமல் அழுது கிடந்தாள். பொறுக்க முடியாமல் தம்பியின் வக்கீலிடம் போனான்.

“உங்க வீட்டம்மா பேர்ல பழசு ஏதாச்சும் இருக்கா?” என்றார் வக்கீல்.

சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பு நகைக்கடை வேலையில் ஒரு மோதிரத்தை எடுத்தவள், போலீஸிடம் தோழி மேல் பழியைப் போட்டு, பிறகு மாட்டித் தண்டனையும் வாங்கியிருந்தாள். மணமான புதிதில் தேம்பித் தேம்பி அவனிடம் மட்டும் சொன்னது அது.

விசாரணையில் தம்பியின் வக்கீல் அந்தப் பழைய கதையை எடுத்ததும் அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். “பழைய திருட்டுக்கும் இந்த அடிதடிக்கும் என்ன சம்பந்தம்?”

நீதிபதி சற்று யோசித்தார். “திருட்டை விட்டுடுங்க. போலீஸ்கிட்ட பொய் சொன்னது, இவங்க பேச்சை நம்பலாமாங்கிறதைத் தொடுது. அதை மட்டும் கேளுங்க.”

“பொய் சொல்லி இன்னொருத்தரை மாட்டிவிட்டவங்கதானே நீங்க?” என்று அவளிடம் கேட்டார் தம்பியின் வக்கீல்.

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்த கணவனைப் பார்த்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தது.

“ஆமாங்க. அன்னிக்குப் பொய் சொன்னேன். இன்னிக்குச் சொல்லலை.”

சாட்சியை முழுதாக நம்ப முடியவில்லை என்று தம்பியை விடுதலை செய்தார்கள். வாசலில் அண்ணனைக் கட்டிக்கொண்டு தம்பி சிரித்தான். “அண்ணி கண்ணு கேமராதாண்ணா! நடந்ததை ஒண்ணு விடாம புட்டுப் புட்டு வெச்சுட்டாங்க. நல்லவேளை, நீ காப்பாத்தின!”

அந்த நேரம் பார்த்துக் காவலாளி படியிறங்கினார். அவர் வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. பட்டறைக்காரன் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“ஸ்கூல்ல யாராவது சொல்றதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட நானே சொல்லிடறேன். நீங்களும் பக்கத்துல இருங்க.”

“நான் எதுக்கு?”

“கோர்ட்டுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேப்பா. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

மகள் வந்து பையை இறக்கி வைத்தாள். அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எதிரே அவனும் உட்கார்ந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.